கீழ்த்தொட்டியின் கதை

சம்ப் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வாசல் பக்கம் தரைக்குள் ஒரு தொட்டி, அதன்மேல் இரும்பு மூடி, பக்கத்தில் ஒரு மோட்டார். பாலாற்றுத் தண்ணீரோ லாரித் தண்ணீரோ முதலில் அதில்தான் விழும். பிறகு மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றும். மோட்டாரை நிறுத்த மறந்தால் மாடியிலிருந்து அருவி கொட்டும், பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். இவ்வளவும் நமக்குத் தெரிந்த கதை.

கடல் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கும் ஒரு சம்ப் உண்டு என்பது எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தெரிந்தது. பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் அக்காள் பேரன் வந்து, "தாத்தா, நீங்க ஏரி, மதகுன்னு காலம் பூரா தண்ணியிலேயே வேலை பார்த்தவராச்சே, இந்த பைப் வேலையை மட்டும் கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். மேலே 4 அடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி. அதைத் தாங்கும் மர அலமாரிக்குள், கதவு போட்டு மறைத்து, இன்னொரு சின்னத் தொட்டி. இதை எதற்கு மறைத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, "எல்லா வேலையும் இங்கதான் தாத்தா நடக்குது, மேல இருக்கிறது வெறும் காட்சிக்கு" என்றான். இந்தக் கீழ்த்தொட்டி யார் யோசனையில் பிறந்தது, நம் பக்கம் கடல் மீன் தொட்டி எப்போது வந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2019 நவம்பர் வரை மாமல்லபுரம் நம் மாவட்டத்தில்தான் இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கடற்கரை முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்துக்குச் சொந்தக் கடல் கிடையாது. ஆகவே இங்கே கடல் மீன் வளர்க்க நினைப்பவர் கடலைத் தாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

செய்வது என்றால் உண்மையாகவே செய்வதுதான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. பேரனுடைய மேல்தொட்டி 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் 45. கணக்குப் போட்டால் 243 லிட்டர். அதற்கு மட்டும் எட்டரைக் கிலோ உப்பு. சமையல் உப்பு உதவாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் அளவோடு சேர்ந்த உப்பைப் பாக்கெட்டில் வாங்கி, ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்க வேண்டும். பித்தளைக் குழாய், செம்புக் கம்பி எதுவும் அந்தத் தண்ணீரில் படக்கூடாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் இறால், பவள உயிர் போன்றவை செத்துவிடும். அதனால் எல்லாம் பிவிசி. சரிகையில் செம்பு கலக்கும் ஊரில் செம்பை இவ்வளவு பயந்து விலக்கும் ஒரு வேலை நடப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

கடல்நீரைக் கூட்டிவிடலாம். அதை உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். மீன் தின்கிறது, கழிக்கிறது. கழிவு அம்மோனியாவாகிறது. அம்மோனியா மீனுக்கு விஷம். கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் உடனே கொல்லாது, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். இவை எல்லாம் நடக்க மூச்சுக் காற்று வேண்டும். அதற்குத் தண்ணீர் ஓயாமல் அசைய வேண்டும். நின்ற தண்ணீர் நாறும் என்பது குளத்துக்கும் பொருந்தும், கண்ணாடித் தொட்டிக்கும் பொருந்தும்.

தண்ணீரை யார் அசைப்பது? முதன்முதலில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கை.

1846ஆம் ஆண்டு ஆனா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கே என்ற கடற்கரை ஊருக்குப் போனார். அங்கே கிடைத்த பவள உயிர்கள் சிலவற்றைக் கல் ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் கடல் இல்லை. கொண்டுவந்த தண்ணீரைக் கெடாமல் காக்க அவர் கண்ட வழி எளியது. வீட்டு வேலைக்காரப் பெண் திறந்த சன்னல் முன்னால் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஆற்ற வேண்டும், தினமும் அரை மணி முக்கால் மணி நேரம். நம் ஊரில் டீ ஆற்றுவது போலத்தான். காற்று கலந்தது, பவளம் பிழைத்தது, ஆண்டுக்கணக்கில் இருந்தது. பின்னர் தின் கடல் செடிகளையும் சேர்த்து வளர்த்தார். அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. தண்ணீர் ஆற்றிய பெண்ணின் பெயர் நான் படித்த எதிலும் இல்லை. கடல் மீன் தொட்டிகளின் முதல் மோட்டார் அவள்தான் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் இது ஒரு பித்தாகவே பரவியது. 1845இல் கண்ணாடிமேல் இருந்த வரியை எடுத்துவிட்டார்கள், கண்ணாடி மலிந்தது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மக்கள் பார்ப்பதற்கென்று மீன் இல்லம் திறந்தார்கள். அதில் பெரும் பங்கு ஃபிலிப் ஹென்றி காஸ் என்பவருடையது. மறு ஆண்டு அவர் எழுதிய 'தி அக்வேரியம்' என்ற நூலைப் படித்துவிட்டு வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வாங்கினார்கள். பெரும்பாலான தொட்டிகள் சில வாரங்களில் நாறிப்போயின. ஒரே தொட்டி, நின்ற தண்ணீர், நேரே வெயில். வேறு என்ன ஆகும்?

இதற்கு விடை கண்டவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். லண்டனில் கடல்நீரும் கடல் உயிர்களும் விற்கும் கடை வைத்திருந்தவர். பெரிய படிப்பு இல்லை, கையால் செய்து செய்து கற்றவர். அவர் கவனித்தது இதுதான்: வெளிச்சத்தில் நிற்கும் கடல்நீர் பச்சையாகிக் கலங்குகிறது, இருட்டில் ஓடிக்கொண்டிருக்கும் நீர் தெளிந்து நிற்கிறது. அப்படியானால் காட்சித் தொட்டிக்குக் கீழே, இருட்டில், அதைவிடப் பல மடங்கு பெரிய இன்னொரு தொட்டியைக் கட்டினால் என்ன? மேலிருந்து வழியும் நீர் கீழே விழட்டும், கீழிருந்து பம்ப் மேலே ஏற்றட்டும், இரவும் பகலும் இது நிற்காமல் நடக்கட்டும். தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்றார்.

1864இல் ஹாம்பர்க் நகரிலும், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அவருடைய யோசனைப்படியே கட்டினார்கள். கிரிஸ்டல் பேலஸுக்குக் கடல்நீர் பிரைட்டன் கடற்கரையிலிருந்து ரயிலில் வந்தது. நீராவி இயந்திரம் பம்பை ஓட்டியது. நேப்பிள்ஸ் நகரில் ஆன்டன் டோர்ன் நிறுவிய கடல் ஆய்வு நிலையத்தின் காட்சிசாலை 1874இல் திறந்தது. அதன் நீர் ஏற்பாட்டுக்கும் லாய்டைத்தான் அழைத்தார்கள். இன்று பிள்ளையார்பாளையத்தில் மர அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்குப் பாட்டனார் யார் என்று கேட்டால், லாய்டின் இருட்டுத் தொட்டியைத்தான் காட்ட வேண்டும். அளவுதான் சுருங்கியிருக்கிறது, வேலை அதேதான்.

நம் நாட்டுக்கு இது வந்தது சென்னை வழியாக. சென்னை அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அந்தக் காலத்து ஜனங்கள் சொல்வார்கள் என்பது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் செத்த காலேஜுக்கு 1885 முதல் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ரங்காச்சாரியின் உதவியோடு 7 தொகுதிகள் எழுதியவர் என்றுதான் அவரை நாம் அறிவோம். ஆனால் அவர் ஆரம்ப நாட்களில் ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் அலைந்து, முத்துக் குளிப்பு, சங்குக் குளிப்பு, மன்னார் வளைகுடாவின் கடல் உயிர்கள் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார். ஸ்பிரிட் புட்டியில் செத்துக் கிடக்கும் மீனைப் பார்த்து ஜனங்களுக்கு என்ன தெரியும், உயிரோடு காட்ட வேண்டும் என்ற எண்ணம் அப்படிப்பட்டவருக்கு வந்ததில் வியப்பில்லை. அவர் முன்னெடுத்த திட்டத்தில் மெரினா கடற்கரையில் கட்டிய மீன் காட்சிசாலை 1909 அக்டோபர் 21 அன்று திறந்தது. இந்தியாவின் முதல் மீன் காட்சிசாலை அதுதான். தர்ஸ்டனின் 7 தொகுதிகள் வெளிவந்ததும் அதே 1909இல்தான்.

1919 வரை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தது. பிறகு மீன்வளத் துறைக்குப் போனது. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் சென்னையே காலியானபோது மெரினா மீன் காட்சிசாலையையும் மூடினார்கள். என் தகப்பனார் தலைமுறையில் அதைப் பார்த்தவர்கள் உண்டு. பட்டணத்துக்குப் போனால் பார்க்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்றாக இருந்ததாகச் சொல்வார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நீந்தியதை அவர்கள் பார்த்தார்கள். தண்ணீர் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. காட்சிசாலைக்கு வந்த யாருக்கும் பின்பக்கத்தைக் காட்டுவதில்லையே.

33 ஆண்டுகள் நடந்து 1942இல் நின்ற அந்தப் பழைய காட்சிசாலையைப் பற்றிப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான். ஏரி வறண்டால் மறு மழையில் நிரம்பும், மீனும் வரும். இந்த மாதிரித் தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிற ஆள் போய்விட்டால் கதை அன்றோடு முடிந்தது. கட்டடம் நின்றாலும் உள்ளே உயிர் நிற்காது.

இனி பைப் வேலைக்கு வருகிறேன். இந்த இடத்தில் எனக்கு லண்டன்காரர்களைக் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, நம் ஏரியே போதும்.

ஏரியில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கலாம் என்பதை முடிவு செய்வது கலிங்கு. கலிங்கின் மட்டத்துக்கு மேல் வரும் நீர் வழிந்து, கால்வாய் வழியே கீழே இருக்கும் அடுத்த ஏரிக்குப் போகும். பழைய கலிங்குகளின் தலையில் வரிசையாகச் சிறு கற்களை நட்டு வைத்திருப்பார்கள். மழை ஓயும் காலத்தில் அந்தக் கற்களுக்கு இடையில் மண்ணும் புல்லும் அடைத்து இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்கிக்கொள்வார்கள். பேரனின் மேல்தொட்டியில் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு, அதன் தலையில் சீப்புப் பல் போல வெட்டு. பார்த்தவுடன் கலிங்குக் கல் நினைவுக்கு வந்தது. இங்கே பல்லின் வேலை வேறு, மீன் வழிந்து போகாமல் தடுப்பது. மற்றபடி அமைப்பு அதேதான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நம்மில் பலர் நேரில் பார்த்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டியது. குடவோலை முறைக்காக எல்லோரும் அதைச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு வாரியத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வெட்டிவிட்டால் ஏரி தானாக இருக்காது, வருடா வருடம் ஆள் பார்க்க வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்தவர்கள். கண்ணாடித் தொட்டிக்கும் ஒரு வாரியம் வேண்டும். அந்த வீட்டில் அது ஒரே ஆள்தான்.

தடுப்பைத் தாண்டி வழிந்த நீர் கீழே இறங்க 3 பைப் போட்டோம். முதல் பைப் முழுக்க நீர் நிரம்பி, சத்தமே இல்லாமல் இறங்கும். அதில் ஒரு வால்வு வைத்து, மோட்டார் ஏற்றும் அளவுக்கு இறக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது பைப்பில் மிச்சம் மீதி மெல்லிசாக வழியும். மூன்றாவது எல்லாவற்றையும்விட உயரத்தில் வாய் வைத்து எப்போதும் காய்ந்தே இருக்கும். அதில் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டால் முதல் பைப்பில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஏரிக்கரையில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. மழை நாளில் தண்ணீரின் சத்தத்தை வைத்தே நிலைமை சொல்லும் ஆட்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

ஏரியிலும் இதிலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஏரியில் போன நீர் போனதுதான். இங்கே போன நீரை மோட்டார் திரும்ப மேலே ஏற்றுகிறது. ஆகவே மேல்தொட்டியின் மட்டம் என்றைக்கும் குறையாது, கலிங்கு மட்டத்திலேயே நிற்கும். வெயிலில் ஆவியாகும் நீரெல்லாம் கீழ்த்தொட்டியில்தான் குறையும். சித்திரை வைகாசியில் நாளுக்குச் சில லிட்டர் குறையலாம். நீர்தான் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். சம்ப் இல்லாத தொட்டியில் இந்த ஏற்ற இறக்கம் மீன் இருக்கும் இடத்திலேயே நடக்கும். சம்ப் இருந்தால் அது கீழே, கண்ணுக்கு மறைவாக நடந்துவிடுகிறது.

எல்லாம் சரியாக ஓடியது, கரண்ட் இருக்கும்வரை. அந்த வீட்டில் தொட்டி இருந்தது முன்கூடத்துச் சுவர் ஓரம். அதே கூடத்தில் ஐந்தடி தள்ளித் தறிக்குழி. என் அத்தான் இன்னும் தறியில் உட்காருகிறவர். அன்றைக்குத் தறியில் ஒரு முகூர்த்தப் புடவைக்கான பாவு ஏறியிருந்தது. நள்ளிரவில் கரண்ட் போனது. மோட்டார் நின்றது. நின்ற மோட்டார் வழியாகவே மேலிருந்த நீர் கீழ்நோக்கி இழுக்க ஆரம்பித்தது. நீரை மேலே கொண்டுபோய்விடும் பைப்பின் வாய், கலிங்கு மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே நீருக்குள் முங்கி இருந்தது. அந்த வாய் வெளியே தெரிந்து காற்றை இழுக்கும்வரை இழுப்பு நிற்காது. அந்தத் தொட்டியில் 1 சென்டிமீட்டர் உயரம் என்பது 5.4 லிட்டர். 5 சென்டிமீட்டருக்கு 27 லிட்டர். கீழ்த்தொட்டியில் காலி இடம் 15 லிட்டருக்குத்தான் இருந்தது. மீதி 12 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு குடம் உப்புத் தண்ணீர், தரையில் ஓடித் தறிக்குழிக்குள் இறங்கியது.

பாவு மேலே இருந்ததால் பட்டு நனையவில்லை. மிதி நனைந்தது, குழியின் சுவர் நனைந்தது. உப்பு ஊறிய சுவர் லேசில் காயாது, மழைக்காலம் வந்தால் ஈரத்தை இழுக்கும். உப்பு ஈரம் பட்டால் சரிகை கறுத்துப்போகும். அத்தான் கோபக்காரர் இல்லை. காலையில் குழியைத் துடைத்துக்கொண்டே பேரனிடம், "நீ மீன் வளர்த்தாலும் சரி, கடலையே வளர்த்தாலும் சரி. இன்னொரு தடவை தறிக்குழியில தண்ணி வந்தா, தொட்டி தெருவுக்குப் போயிடும்" என்றார். வீட்டுச் சோறு அந்தக் குழியிலிருந்துதான் வருகிறது. அவர் சொன்னதில் தப்பு இல்லை.

அன்றைக்கே மூன்று வேலை செய்தான். பைப்பின் வாயை நீர்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே மட்டும் முங்கும்படி உயர்த்தினான். அதே பைப்பில், நீர்மட்டத்தை ஒட்டிச் சின்ன ஓட்டை ஒன்று போட்டான், மட்டம் இறங்கியதும் அது காற்றை இழுத்து ஓட்டத்தை அறுத்துவிடும். பாசி பிடித்து அந்த ஓட்டை அடைபடும், அதனால் வாரம் ஒருமுறை குச்சி விட்டுக் குத்த வேண்டும். மூன்றாவதாக, கீழ்த்தொட்டியில் நீரின் அளவைக் குறைத்து 40 லிட்டர் காலி இடம் விட்டு, கண்ணாடியில் சிவப்பு டேப் ஒட்டி, இதற்கு மேல் ஊற்றக்கூடாது என்று குறித்து வைத்தான். கடையில் ஒருவழி வால்வு வாங்கிப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். உப்பும் சிறு சிப்பியும் ஒட்டிக்கொண்டு அந்த வால்வு வேண்டிய நேரத்தில் மூடாது. கணக்கில் விட்ட காலி இடம் ஒருநாளும் பழுதாகாது. பிறகு எத்தனையோ முறை கரண்ட் போயிருக்கிறது, குழி காய்ந்தே இருக்கிறது.

இனி கீழ்த்தொட்டியில் இருக்கும் இன்னொரு அறை. பேரன் அதை 'ரெஃப்யூஜியம்' என்றான். புகலிடம் என்று பொருள். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பிரித்த ஓர் அறை. அதில் மீன் இல்லை. கொஞ்சம் கல், கொஞ்சம் மணல், நூல்கண்டு போலச் சுருண்ட பச்சைப் பாசி, மேலே ஒரு விளக்கு.

லாய்ட் கீழ்த்தொட்டியை இருட்டாக வைத்தார். இவர்கள் அதில் விளக்கு ஏற்றுகிறார்கள். இந்த மாற்றம் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1961இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிரோடு எடுத்த கற்களைத் தொட்டியில் போட்டுக் காற்றுக் குமிழி விட்டாலே போதும், இயற்கை தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று எழுதினார். அப்போது அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. பிறகு அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் அடே, 1980இல் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பவளப்பாறைத் தொட்டியை அமைத்தார். பாசியை எதிரியாகப் பார்க்காமல் வேலைக்காரனாக வைத்துக்கொண்டார். வேறு இடத்தில் பாசியை வளர்த்து, அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சட்டும், பாசி பெருத்தால் அறுத்து வெளியே எறிவோம் என்பது அவர் வழி. ரெஃப்யூஜியம் என்ற சொல் மீன்தொட்டிக்காரர்களிடம் பரவியதில் அவருடைய பங்கு பெரிது.

நுணுக்கம் எங்கே என்றால் விளக்கு எரியும் நேரத்தில். பகலில் மேல்தொட்டி விளக்கு எரிகிறது. இரவில் அது அணைந்ததும், மேலே உள்ள உயிர்கள் எல்லாம் மூச்சு விட்டுக் கரிவளியைச் சேர்க்கும், நீரில் அமிலத் தன்மை கூடும். அந்த நேரத்தில் கீழே விளக்கைப் போட்டால் கீழ்ப்பாசி அந்தக் கரிவளியை எடுத்துக்கொள்ளும். மேலே இரவு, கீழே பகல். இரண்டும் மாறி மாறி நடப்பதால் நீர் ஒரு நிலையில் நிற்கிறது. அதோடு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு பூச்சி இனங்கள் அந்தப் பாசியில், மீன் வாய்க்கு அகப்படாமல் குடும்பம் நடத்திப் பெருகும். அவற்றில் சில மோட்டார் வழியாக மேலே போய் மீனுக்கு உணவாகும். புகலிடம் என்ற பெயர் அவற்றுக்காகத்தான்.

வாரம் ஒருமுறை கைப்பிடிப் பாசி பறித்து எறிகிறான். குடிமராமத்து என்று நாம் சொல்வது வேறென்ன? ஏரியில் சேர்வதை ஆண்டுதோறும் எடுத்துப் போடாவிட்டால் ஏரி மேடாகும். தொட்டியில் சேர்வதைப் பாசி வடிவத்தில் எடுத்துப் போடுகிறார்கள்.

பாசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, கட்டக்கோரை என்று அவர்களிடம் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அவர்கள் எடுக்கும் கஞ்சிப்பாசியின் இனத்தைச் சேர்ந்த பாசிகளை வெளிநாட்டுக்காரர்கள் ரெஃப்யூஜியத்தில் வளர்க்கிறார்கள். நம் பெண்கள் வயிற்றுப்பாட்டுக்காக அறிந்ததை இன்னொருவர் பொழுதுபோக்குக்காகத் தேடி அறிகிறார்.

அந்தக் கடலில் பாசி மட்டுமல்ல, பவளமும் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்ததற்குக் காரணம் அந்தக் கடல்தான். ஒரு காலத்தில் அந்தப் பவளக் கல்லைத் தோணி தோணியாக வெட்டிச் சுண்ணாம்புக்கும் சிமென்ட்டுக்கும் அனுப்பினார்கள். அலையைத் தடுக்கும் பாறை போனதால் கடல் மேலேறி, பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. 1986இல் அந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். 2001இல் பாறை கட்டும் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு இன்று பவளத்துக்கும் உண்டு. நம் கடலிலிருந்து ஒரு துண்டுப் பவளத்தை எடுத்துவந்து வீட்டுத் தொட்டியில் வைப்பது குற்றம்.

ஆகவே பேரனின் தொட்டியில் நம் கடல் பவளம் கிடையாது. சிமென்ட் கலந்து வார்த்த செயற்கைக் கல், தொட்டியிலேயே பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடி, அவ்வளவுதான். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை அந்த ஆராய்ச்சி நிலையமே உருவாக்கியிருக்கிறது. கடலைத் தொடாமல் கடல் மீன் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது என்பது எனக்கு நிம்மதி. எங்களுக்கு ஒரு தொட்டி அழகாக வேண்டும் என்பதற்காக அங்கே இன்னொரு தீவு முங்க வேண்டியதில்லை.

இதைப் படிப்பவர்களில் பலருக்குப் பேரன் பேத்திகள் இருப்பார்கள். அவர்களில் யாராவது கடல் மீன் தொட்டி கேட்டால், என்ன மீன், என்ன விலை என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். கரண்ட் போனால் கீழே எவ்வளவு லிட்டர் வரும், அதற்கு இடம் இருக்கிறதா? இறங்கும் பைப் அடைத்தால் மேலே எவ்வளவு ஏறும், அதற்கு இடம் இருக்கிறதா? இரண்டுக்கும் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினால் தாராளமாகப் பணம் கொடுங்கள். அப்புறம், அவர்கள் வெளியூர் போகும் நாட்களில் பாசி பறிக்கவும் ஓட்டையைக் குத்திவிடவும் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். ஏரி வாரியத்தில் இருந்தவர்கள் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உத்திரமேரூர்க் கல்வெட்டு. இந்த வாரியத்தில் வயது வரம்பு இல்லை.